அரை மிடறு தண்ணீரில் விழுங்கிய உமி

மலச்சிக்கல் என்ற சொல்லை ஒரு தாளில் எழுதுவதற்கே எனக்கு வெட்கமாக இருந்தது. எழுதிவிட்டேன். இனி மற்றதையும் எழுதலாம். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் வாய் திறந்து கதைக்கிற பழக்கம் எனக்குச் சிறு வயதிலிருந்தே இல்லை. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, எங்கள் லோஞ்சில், குடாவைக் கடக்கிற அந்த இயந்திரப் படகில், வருகிற பெண்கள் ஒவ்வொருவராக என் பக்கத்தில் வந்து இருந்துகொண்டு காதுக்குள் கேட்கத் தொடங்கினார்கள். உனக்கு என்ன நடந்தது, அந்த உமியைக் குடிக்கலாமா, கூடாதா என்று. இயந்திரச் சத்தத்துக்கு மேலால் இந்தக் கதையை எப்படிச் சொல்வது? அதனால் எழுதுகிறேன். வாசிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லட்டும்.

எனக்கு வீடு மூதூரில். வேலை திருகோணமலை நகரத்தில் ஒரு புடவைக்கடையில். காலையில் லோஞ்ச் ஏறிக் கொட்டியாரக் குடாவைக் கடந்து போய், மாலை லோஞ்சில் திரும்பி வருவேன். காற்றில்லாத நாளில் கடல் எண்ணெய் ஊற்றினதுபோல் கிடக்கும். வாடைக்காற்று தொடங்கினால் ஏறின ஆட்களில் பாதிப்பேர் குடலைப் புரட்டி வாயால் சத்தி எடுப்பார்கள். அந்த லோஞ்சில் ஆண்களுக்கு ஒரு அவசரம் என்றால் பின்பக்கம் போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றால் சரி. பெண்களுக்கு ஒன்றுமில்லை. ஆகவே லோஞ்சில் வருகிற பெண்கள் காலையில் தண்ணீர் குடிப்பதில்லை. விடிய ஒரு வாய் தேத்தண்ணீர், அவ்வளவுதான். தப்பித்தவறி யாராவது ஒருத்தி தண்ணீர் குடித்துவிட்டு வந்து இருப்புக்கொள்ளாமல் நெளிந்தால், "இண்டைக்கு இவ நடுக்கடலிலை இறங்கி நடக்கப்போறா" என்று மற்றவர்கள் பகிடி பண்ணுவார்கள். அவளும் சிரித்துக்கொண்டு பல்லைக் கடிப்பாள். யாரும் சொல்லித் தந்த பழக்கமல்ல. ஒருத்தியைப் பார்த்து மற்றவள் பழகிக்கொண்டது.

கடையிலும் அதே நிலைமைதான். கக்கூசு பின்வளவில் இருந்தது. அங்கே போக வேண்டுமென்றால் களஞ்சிய அறையைத் தாண்ட வேண்டும். அதன் வாசலில் சாக்கு விரித்து, மூட்டை இறக்குகிற நாட்டாமிமார் தாயம் உருட்டிக்கொண்டிருப்பார்கள். கிணற்றில் அள்ளின வாளியோடு அவர்களுக்கு முன்னால் போய், திரும்பவும் அவர்களுக்கு முன்னால் வர வேண்டும். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. தலையைக் குனிந்துகொள்வார்கள். அவர்கள் தலையைக் குனிவதுதான் எனக்கு இன்னும் வெட்கம். நானும், என்னோடு வேலை செய்கிற சரோஜினியும் அந்தப் பக்கம் போவதேயில்லை. போகாமல் இருப்பதற்காகப் பகல் முழுக்கத் தண்ணீர் குடிப்பதில்லை. வெயில் காலத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்போதும் குடிப்பதில்லை. வருடக்கணக்காக இப்படித்தான் இருந்தோம்.

இதனால் உடம்புக்கு என்ன வரும் என்று நான் யோசித்ததில்லை. வெளிக்குப் போவது முதலில் இரண்டு நாளுக்கு ஒருமுறை என்றாகி, பிறகு அதுவும் பிந்தத் தொடங்கியது. போனாலும் ஆட்டுப்புழுக்கை போல இறுகி, கண்ணில் தண்ணீர் வரும். வயிறு எப்போதும் கல்லுப்போல இருக்கும். என் கணவருக்குச் சொல்லவில்லை. அவர் வயல்வேலை செய்கிறவர், என்னைவிடக் குறைவாகக் கதைக்கிறவர். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தால் வீட்டில் சட்டி பானைச் சத்தம்தான் கேட்கும். பிள்ளைகள் இல்லை.

ஒருநாள் கடைக்கு வந்த ஒரு அம்மா, சேலை பார்த்துக்கொண்டே தன்னோடு வந்தவவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தா. இசப்கோல் என்று ஒரு விதையின் உமி மருந்துக்கடையில் விற்கிறது, பேதி மருந்து மாதிரிக் கலக்காது, வயிற்றை நோகாமல் இளக்கும் என்று. நான் சேலையை மடித்துக்கொண்டு காதைக் கொடுத்துக் கேட்டேன். அடுத்த நாளே மதியச் சாப்பாட்டு நேரத்தில் மருந்துக்கடைக்குப் போனேன். உள்ளே ஆண்கள் நின்றார்கள். அவர்கள் போகுமட்டும் வெளியில் நின்றுவிட்டுப் போய், என் மாமிக்கு என்று பொய் சொல்லி ஒரு பக்கெற் வாங்கினேன். கடைக்காரர் நல்ல மனிதர். மாமிக்குச் சொல்லுங்கோ, ஒரு பெரிய தம்ளர் நிறையத் தண்ணியில் கலக்கிக் குடிக்க வேணும், பிறகும் தண்ணி நல்லாய்க் குடிக்க வேணும் என்றார். நான் ஓம் ஓம் என்றேன். மாமி இறந்து பல வருடம்.

வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தேன். தவிட்டைவிட மெல்லிசு. வெள்ளையும் மண்நிறமும் கலந்த சருகு. மணமில்லை, ருசியில்லை. இவ்வளவு பஞ்சுபோல இருக்கிற சாமான் என்ன செய்துவிடப் போகிறது என்றுதான் நினைத்தேன். காலையில் லோஞ்சுக்குப் போகுமுன் ஒரு கரண்டி அள்ளி நாக்கில் போட்டு, அரை மிடறு தண்ணீர் விட்டு விழுங்கினேன். ஒரு தம்ளர் குடித்தால் குடாவைக் கடக்க முடியாதே. அது தொண்டையில் ஒட்டிக்கொண்டது. இருமி இருமிக் கண் பிதுங்கிவிட்டது. பிறகு தேத்தண்ணீரின் மிச்சத்தை விட்டு இறக்கினேன். அந்த நேரத்திலேயே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். தொண்டைக்குள் ஊறிப் பருத்திருந்தால் மூச்சே அடைத்திருக்கும் என்று பிறகு டொக்டர் சொன்னார்.

அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. எனக்குக் காணாது போல என்று நினைத்து இரண்டு கரண்டி விழுங்கினேன். பிறகு காலையிலும் மாலையிலும். இந்த உமி வேலை செய்ய இரண்டு மூன்று நாள் எடுக்கும், பொறுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. அது வேலை செய்வதே தண்ணீரைக் கொண்டுதான் என்பதும் தெரியாது.

வயிறு ஊதத் தொடங்கியது. பாவாடை நாடாவை இளக்கிக் கட்டினேன். காற்றுப் பிரிவதும் நின்றது. குத்து வரும், போகும், திரும்ப வரும். அப்படியே ஒரு காலை லோஞ்சில் ஏறி, கரை மறையுமுன்னே சத்தி எடுத்தேன். கடல் அன்றைக்குக் கொஞ்சம் குழம்பியிருந்தது. எல்லாரும் அதைக் கடல் மயக்கம் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெண் தேசிக்காய் தந்தாள் மணக்க. இன்னொருத்தி முதுகைத் தடவினாள். யாரும் ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்லவில்லை. நான் சொல்லாமல் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

கடையில் துணி வெட்டிக்கொண்டிருக்கும்போது மேசையைப் பிடித்தபடி கீழே உட்கார்ந்துவிட்டேன். பச்சையாகச் சத்தி வந்தது. முதலாளி என்னைத் தன் வான் வண்டியில் ஏற்றி, சரோஜினியைத் துணைக்கு விட்டு, நகரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

வெளிநோயாளர் பகுதியில் உட்காருகிற வாங்கு நிறைய ஆட்கள். சரோஜினியின் மடியில் சாய்ந்துகொண்டிருந்தேன். என் முறை வந்ததும் ஒரு இளம் டொக்டர் வயிற்றை அமத்திப் பார்த்தார், விரலால் தட்டிப் பார்த்தார், குழாய் வைத்துக் கேட்டார். தட்டும்போது வெறும் தகரம்போலச் சத்தம் வந்தது. வெளிக்குப் போய் எத்தனை நாள் என்று கேட்டார். அவருக்கு என் தம்பியின் வயதுதான் இருக்கும். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, ஒழுங்காய்த்தான் போகிறது என்றேன். ஏதாவது மருந்து குடித்தீர்களா என்றார். இல்லை என்றேன். பின்வழியாக விரல் விட்டுப் பார்க்க வேண்டும், ஒரு நிமிட வேலை, தாதி மிஸ்ஸி பக்கத்தில் நிற்பா என்றார். நான் சேலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டேன். அவர், சரி அம்மா, முதலில் படம் எடுப்பம் என்றார்.

எக்ஸ்ரேப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது அவர் முகம் மாறினது எனக்குத் தெரிந்தது. குடலடைப்பு என்றார். குடல் ஒரு நீளமான குழாய். எங்கேயோ அடைபட்டதால் சாப்பாடும் காற்றும் கீழே போக வழியில்லாமல் மேலே தேங்கிக் குடல் வீங்கியிருக்கிறது என்று விளங்கப்படுத்தினார். எதனால் அடைபட்டது என்று படத்தில் தெரியவில்லை. குடல் முறுகியிருக்கலாம், கட்டி ஏதும் இருக்கலாம். கட்டி என்ற சொல்லோடு எனக்கு மற்றச் சொற்கள் எல்லாம் மறந்து போயின.

பெண்கள் வாட்டில் ஒரு கட்டில் தந்தார்கள். வாயால் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று கட்டில் தலைப்பில் எழுதித் தொங்கவிட்டார்கள். மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாய் விட்டு, வயிற்றில் தேங்கின பச்சைத் தண்ணீரை வெளியே எடுத்தார்கள். கையில் ஊசி ஏற்றிச் சேலைன் ஓடவிட்டார்கள். சேலைன் என்பது உப்புத் தண்ணீர்தான். வாயால் குடிக்க ஏலாதவருக்கு நரம்பால் கொடுக்கிற தண்ணீர் என்று மிஸ்ஸி சொன்னா. போத்தல் மாற்ற வந்தபோது என் நாக்கைப் பார்த்து, "என்னம்மா, நீங்கள் தண்ணியே குடிக்கிறதில்லையோ? வறண்டுபோய்க் கிடக்கிறியள்" என்று கேட்டா. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மாலையில் பெரிய டொக்டர், வயிறு வெட்டுகிறவர், வந்து பார்த்தார். கதை குறைவு. காலை வரைக்கும் குழாயோடும் சேலைனோடும் விட்டுப் பார்ப்பம், இளகாவிட்டால் வயிற்றைத் திறந்து பார்க்க வேண்டியதுதான் என்று சின்ன டொக்டருக்குச் சொன்னார். வீட்டு ஆட்களைக் கூப்பிடச் சொன்னார்.

சரோஜினி லோஞ்ச் ஓட்டியிடம் சொல்லி அனுப்பி, அவர் மூதூரில் என் கணவருக்குச் சொல்லியிருக்கிறார். அதற்குள் கடைசி லோஞ்சும் போய்விட்டது. என் கணவர் தரைவழியாலே துறைகளைக் கடந்து, கிண்ணியாவுக்கு வந்து, அங்கேயிருந்து யாரோ ஒருவரின் லொறியில் வந்து சேர்ந்தார். முழங்கால் வரைக்கும் சேறு. பார்வையாளர் நேரம் முடிந்தும் வாசல்காரர் அவரை உள்ளே விட்டார். வந்து கட்டில் பக்கத்தில் நின்றார். என் மூக்குக் குழாயைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். பிறகு என் சத்தி பட்ட சேலையைக் கட்டிலுக்கடியிலிருந்து எடுத்துக்கொண்டு போய், வாட்டுக்கு வெளியே குழாயடியில் வைத்துக் கசக்கினார். அங்கே நின்ற பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் ஆம்பிளை ஒருவர் நாலு பேர் பார்க்கப் பெண்சாதியின் சேலையைத் தோய்ப்பதில்லை. அவர் தோய்த்துப் பிழிந்து, ஜன்னல் கம்பியில் விரித்துவிட்டார்.

பக்கத்துக் கட்டிலில் கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு உம்மா இருந்தா. பெயர் ராஹிலா. சீனி வருத்தத்தால், அதுதான் நீரிழிவால், காலில் புண். வாட்டு முழுவதுக்கும் அவதான் வானொலி. யாருக்கு என்ன வருத்தம், யாருடைய மருமகள் பார்க்க வரவில்லை, எல்லாம் அவவுக்குத் தெரியும். என் கணவர் சேலை தோய்ப்பதைப் பார்த்துவிட்டு, "மகள், ஒண்ட மனிசனக் கொஞ்ச நாளைக்கி எனக்கு இரவலாத் தாவன். என்ட ஆள் தண்ட சாரத்தையே தண்ணியில போட மாட்டார்" என்று சொன்னா. சிரித்தால் வயிறு கிழிகிற மாதிரி நொந்தது. சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

சிரித்ததால்தானோ என்னவோ, கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அவவுக்குச் சொல்ல வாய் வந்தது. எத்தனை நாளாக வெளிக்குப் போகவில்லை என்று, உமி விழுங்கினது என்று, எவ்வளவு தண்ணீரோடு என்று, ஏன் அவ்வளவுதான் என்று. சொல்லும்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உம்மா ஒன்றும் பகிடி பண்ணவில்லை.

"இத டாக்குத்தருக்குச் சொன்னியா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"நீ சொல்லாட்டி நான் செல்லுவன். என்ட வாய் சும்மா கிடக்காதுண்டு ஒனக்குத் தெரியும்தானே. எண்டாலும் நீ செல்லுறதுதான் மகள் சரி. வவுறு ஒண்டது."

அந்த இரவைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். குத்து வந்தபோதெல்லாம் கட்டில் இரும்பைப் பிடித்தேன். கட்டி என்ற சொல் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. செத்துப்போவேனோ என்று பயந்தேன். அதைவிட, இந்த விஷயத்தைச் சொல்ல வேண்டி வருமே என்று பயந்தேன். இப்போது எழுதும்போது அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது. அப்போது இரண்டும் ஒரே அளவாகத்தான் இருந்தன.

காலையில் பெரிய டொக்டர் வந்தார். பின்னால் சின்ன டொக்டரும் மிஸ்ஸிமாரும். வயிற்றை அமத்தினார். இன்னும் வீங்கியிருந்தது. என் கணவரைக் கூப்பிட்டு, ஒப்பறேஷன் செய்ய வேண்டியிருக்கிறது, சம்மதமா என்று கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். கையெழுத்துப் போடப் பேனையை வாங்கிவிட்டார். ராஹிலா உம்மா கட்டிலில் எழும்பி உட்கார்ந்து தொண்டையைச் செருமினா. அவ வாய் திறக்கப் போறா என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஐயா," என்றேன். மூக்கில் குழாய் இருந்ததால் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "நான் நேற்றுச் சொன்னது சரியில்லை. நான் வெளிக்குப் போய் ஒரு கிழமை, ஏழு நாளுக்கு மேலை. இசப்கோல் உமி விழுங்கினனான். தண்ணி விடாமல்."

பெரிய டொக்டர் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். டொக்டர்மார் கட்டிலில் இருப்பதை நான் அதுவரை கண்டதில்லை.

"தண்ணி விடாமலெண்டால்?"

"அரை மிடறு. லோஞ்சிலை வாறபடியால்."

அவருக்கு லோஞ்ச் விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற மிஸ்ஸிக்கு உடனே விளங்கியது. அவ மட்டக்களப்புப் பக்கத்து ஆள், அங்கேயும் துறை கடந்து வேலைக்குப் போகிற பெண்கள் இருக்கிறார்கள். அவ டொக்டருக்கு மெல்லச் சொன்னா. அவர் என் கணவரிடமிருந்து பேனையை வாங்கிக்கொண்டார். இப்போது விரல் விட்டுப் பார்க்கச் சம்மதமா என்று என்னிடம் கேட்டார். ஓம் என்றேன். திரை இழுத்தார்கள். மலவாசலுக்குக் கொஞ்சம் மேலே, களிமண் கட்டிபோல ஊறி இறுகின ஒரு திரள் வழியை அடைத்துக்கொண்டு இருந்தது. முறுகலுமில்லை, கட்டியுமில்லை. நான் விழுங்கின உமிதான்.

கத்தி வைக்கிறதைப் பின்னுக்குத் தள்ளுவம் என்றார். எண்ணெய் எனிமா கொடுத்தார்கள். எனிமா என்பது பின்வழியாக எண்ணெயோ தண்ணீரோ ஏற்றி ஊறவைப்பது. ஊறின பிறகு மிஸ்ஸி கையுறை போட்டுக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விரலால் உடைத்து எடுத்தா. நான் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். அவ ஒரு கையால் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தா. "வெட்கப்படாதேங்கோ அம்மா. குழந்தைப் பிள்ளையள் பெறுறதைப் பாக்கிறனாங்கள், இதென்ன" என்று சொன்னா. திரும்பவும் எனிமா, திரும்பவும் அதே வேலை. மத்தியானத்துக்குப் பிறகு வழி திறந்தது. பெரிய சத்தத்தோடு காற்று போனது. திரைக்கு அந்தப் பக்கத்தில் ராஹிலா உம்மா, "அல்ஹம்துலில்லாஹ்" என்றா. வாட்டே சிரித்தது. நானும் அழுதுகொண்டே சிரித்தேன்.

மூக்குக் குழாயை எடுத்த பிறகு முதலில் தந்தது ஒரு கரண்டி தண்ணீர். பிறகு அரைத் தம்ளர். பிறகு கஞ்சித் தண்ணீர். என் கணவர் ஆஸ்பத்திரி விறாந்தையில் படுத்து எழும்பி, காலையில் சந்தைக்குப் போய்த் தெம்பிலி இளநீர் வெட்டிக்கொண்டு வருவார். எனக்கொன்று, உம்மாவுக்கு ஒன்று. உம்மாவுக்குச் சீனி என்றபடியால் மிஸ்ஸி அதைப் பறித்துவிடுவா. அடுத்த நாளும் அவர் இரண்டுதான் கொண்டு வருவார்.

வீட்டுக்கு விடுகிறதற்கு முதல் நாள் சின்ன டொக்டர் இரண்டு கண்ணாடித் தம்ளர்களோடு வந்தார். மருந்துக்கடையிலிருந்து வாங்கின அதே உமி. ஒரு தம்ளரின் அடியில் கொஞ்சத் தண்ணீர் விட்டு ஒரு கரண்டி போட்டார். கதைத்துக்கொண்டிருக்கும்போதே அது இறுகி, தம்ளரைக் கவிழ்த்தாலும் விழாமல் ஒட்டிக்கொண்டது. மற்றத் தம்ளர் நிறையத் தண்ணீர். அதிலும் ஒரு கரண்டி போட்டுக் கலக்கினார். அது கஞ்சிபோல வழிந்தது.

"இது குடலைக் கலக்கிற மருந்தில்லை. தண்ணியைக் குடிச்சு ஊதிற பஞ்சு. மலத்துக்குள்ளை ஈரத்தைப் பிடிச்சுவைச்சு, பருமனாக்கி, மெதுவாய்த் தள்ளும். வெளியாலை தண்ணி குடுக்காட்டில் உள்ளுக்குள்ளை இருக்கிறதை இழுக்கும். உங்களுக்கு இழுக்கவும் ஒண்டும் இருக்கேல்லை" என்றார்.

பிறகு அவர் சொன்னதையெல்லாம் எனக்கு விளங்கின மாதிரி எழுதுகிறேன். பெரிய தம்ளர் நிறையத் தண்ணீரில் கலக்கி, இறுகுமுன் உடனே குடிக்க வேண்டும். அதன் பின்னால் இன்னொரு தம்ளர் வெறும் தண்ணீர். உலர்ந்த உமியை ஒருபோதும் வாயில் போடக் கூடாது. நிமிர்ந்து இருந்து குடிக்க வேண்டும், படுக்கப் போகிற நேரத்தில் குடிக்கக் கூடாது. சிறு அளவில் தொடங்கி, இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். நான் செய்ததுபோலப் போகவில்லையே என்று கூட்டிக்கொண்டு போகக் கூடாது. தொடங்கினவுடன் கொஞ்சம் வயிறு ஊதும், காற்றுப் பிரியும், அது பயமில்லை. ஆனால் வயிற்றுக்குத்து, சத்தி, காற்றும் போகாத வயிற்று வீக்கம் இருக்கிறவர்கள் தொடவே கூடாது, ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். விழுங்கக் கஷ்டப்படுகிறவர்களும் தொடக் கூடாது. மலத்தில் இரத்தம் கண்டாலோ, காரணமில்லாமல் மெலிந்தாலோ, திடீரென்று போகிற பழக்கம் மாறினாலோ உமியைக் குடித்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. எனக்கு உடனடியாக வேண்டாம் என்றார். குடல் ஆறட்டும், கிளினிக்கில் பார்த்துவிட்டுத் தொடங்குவம், அதுவரை தண்ணீரும் கீரையும் பப்பாசிப்பழமும் போதும்.

பக்கத்துக் கட்டிலில் இருந்து உம்மா தனக்கும் குடிக்கலாமா என்று கேட்டா. குடிக்கலாம், ஆனால் சீனி வருத்தத்துக்கு எடுக்கிற குளிசை மாத்திரையோடு சேர்த்து விழுங்கக் கூடாது, உமி குளிசையைப் பிடித்துக்கொள்ளும், இரண்டு மணித்தியாலமாவது தள்ளிக் குடிக்க வேண்டும், சீனி அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் டொக்டர்.

எழும்பிப் போகும்போது திரும்பி நின்று என்னிடம் சொன்னார். "அம்மா, பகலிலை தண்ணி குடிக்க ஏலாதெண்டால் இந்தப் பக்கெற்றைத் தூக்கி எறியுங்கோ. தண்ணி இல்லாமல் இது வேண்டாம். ஆனால் தண்ணி இல்லாமல் உங்களுக்கு இந்த வருத்தம் திரும்பவும் வரும்."

அன்று மாலை என் கணவர், வேலையை விட்டுவிடு என்று சொன்னார். வயல் இருக்கிறது, இரண்டு பேர் வயிறுதானே என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அந்த வேலை பிடிக்கும். துணியைக் கையால் தொட்டு, இது எந்தத் தறி, தோய்த்தால் சுருங்குமா என்று சொல்லத் தெரியும். யாரோடும் கதைக்காத நான் துணியைப் பற்றி மட்டும் கதைப்பேன். ஒரு கக்கூசுக்காக அதை விட மனம் வரவில்லை. ஆனால் அதை விடாமல் இருக்க வேண்டுமானால் முதலாளியிடம் போய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். டொக்டரிடம் சொன்னது வயிறு வெட்டப் போகிறார்கள் என்ற பயத்தில். இதை எந்தப் பயத்தில் சொல்வது?

வீட்டில் இருந்து தேறின பிறகு திரும்ப வேலைக்குப் போனேன். லோஞ்சில் போய் வரும் நேரத்தை மட்டும் விட்டு மற்ற நேரம் குடிப்பது என்று தீர்மானித்திருந்தேன். கரையில் இறங்கியதும் ஒரு போத்தல் தண்ணீரைக் குடித்தேன். குடித்துவிட்டதால் இனிச் சொல்லாமல் தப்ப முடியாது. அது தெரிந்துதான் குடித்தேன்.

முதலாளி வாசலில் கதிரை போட்டு இருந்தார். வயதான மனிதர். உடம்பு எப்படி தங்கச்சி என்று கேட்டார். லோஞ்சில் நான் சேர்த்து வைத்த சொற்கள் ஒன்றும் வரவில்லை.

"முதலாளி, டொக்டர் என்னைப் பகலிலை தண்ணி குடிக்கச் சொன்னவர்."

"குடியுங்களன் தங்கச்சி. ஆரு வேணாமெண்டது?"

"குடிச்சால் போகவேணும்."

எங்கே என்று கேட்க அவர் வாய் எடுத்தார். பிறகு நிறுத்தினார். கடையின் உள்பக்கம், களஞ்சிய அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கையில் இருந்த அளவு நாடாவைச் சுற்றினார், அவிழ்த்தார், திரும்பவும் சுற்றினார். நான் நகரவில்லை.

"அப்ப, இவ்வளவு காலமும் நீங்க ரெண்டு பேரும்..." அவர் முடிக்கவில்லை.

"ஓம்," என்றேன்.

அன்றே நாட்டாமிமாரின் சாக்கு பக்கத்துச் சந்து ஒழுங்கைக்கு மாறியது. அந்தக் கிழமைக்குள் பின்வளவில் தகர மறைப்பு வந்தது, கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வந்தது, தண்ணீருக்கு ஒரு பீப்பா வந்தது. முதலாளி தகரத்தின் விலையைப் பற்றி ஒரு மாதம் முணுமுணுத்தார். ஆனால் பீப்பா காலியாகாமல் தானே பார்த்துக்கொண்டார்.

இப்போது கிளினிக்கில் சொன்ன பிறகு நான் அந்த உமியைக் குடிக்கிறேன். மாலையில் வீடு வந்து, விளக்கு வைத்ததும், குசினி வாசலில் நிமிர்ந்து இருந்து பெரிய தம்ளரில். என் கணவர் இரண்டாவது தம்ளரை நிரப்பி வைத்துக்கொண்டு நிற்பார்.

ஆனால் நான் சொல்ல நினைத்தது இதற்கு முந்தின ஒரு நாளைப் பற்றி. தகர மறைப்பு வந்த அடுத்த நாள். மத்தியான நேரம், கடையில் ஆட்கள் குறைவு. நான் மேசைக்குப் பின்னால் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். சரோஜினி சீத்தைத் துணி ஒன்றை மடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தாள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். எனக்கு வருத்தம் வந்தபோது மடியில் என்னைச் சாய்த்துக்கொண்டவள். அதே இடத்தில், அதே தண்ணீர்ப் பட்டினியில் என்னோடு வருடக்கணக்காக நின்றவள். துணியைப் பார்த்துக்கொண்டே கதைத்தாள்.

"அக்கா, எனக்கும் கனகாலமாய் அந்தக் கரைச்சல்தான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அந்த உமி எனக்கும் ஒரு பக்கெற் வேண்டித் தாறியளோ?"

"உமியைப் பிறகு பாப்பம்," என்று சொல்லிவிட்டு, தம்ளரைக் கழுவித் திரும்ப நிறைத்து அவள் முன்னால் வைத்தேன். "முதல்லை இதைக் குடி."